மலையில் டவர் இல்லை

டென்னசிக்கா போகிறீர்கள் அக்கா, அதுவும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு? உட்காருங்கள், உட்காருங்கள். சோபாவில் பொம்மை கிடக்கும், தள்ளிவிட்டு உட்காருங்கள். இந்த அப்பார்ட்மெண்டில் டென்னசியைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் என்னிடம்தான் கேட்க வேண்டும். நாங்கள் போய் வந்து முழுசாக இரண்டு மாதம் ஆகவில்லை. பாட்டு, சாப்பாடு, மலை, மூன்றும் ஒரே ஸ்டேட்டில் கிடைக்கும். அட்லாண்டாவிலிருந்து காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு நாஷ்வில். நான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது வரை படித்தவள்தான், ஆனால் வண்டியில் மேப்பைப் பார்த்து வழி சொல்வது நான்தான். எங்கள் வீட்டுக்காரர் எம்.சி.ஏ. படித்துவிட்டு எக்ஸிட்டைத் தவற விடுவார்.

அம்மாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். பெரியவர்கள் ஒருத்தர் கூட வந்தால்தான் நாம் நான்கு இடம் பார்க்கலாம். பிள்ளையை யார் வைத்துக்கொள்வது? நாங்கள் மதினியைக் கூட்டிப் போனோம். மதினி என்றால் எங்கள் வீட்டுக்காரருடைய கூடப்பிறந்த அக்கா, சண்முகக்கனி. அடுப்படியில் சத்தம் கேட்கிறதே, அவர்கள்தான். போன மாதமே ஊருக்குப் போயிருக்க வேண்டியவர்கள். இப்போது போக முடியாது. ஊரில் வர வேண்டாம் என்கிறார்கள். அது இந்த டென்னசிப் பயணத்தில் வந்த வினை. சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். என் மேல் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

மதினிக்குச் சங்கரன்கோவில் பக்கம். அவர்கள் வீட்டுக்காரர் சுடலைமணி விசைத்தறி ஓட்டுகிறவர். எனக்கு அண்ணன் முறை. பிள்ளை குட்டி கிடையாது. அதனால்தான் எங்கள் பையன் கவின் பிறந்ததும் மதினியைக் கூப்பிட்டோம். பிள்ளை உள்ளவர்கள் யாராவது ஆறு மாதம் வந்து இருப்பார்களா, சொல்லுங்கள். அண்ணனும் பெருந்தன்மையாக அனுப்பி வைத்தார். ஆனால் தினமும் போன். இங்கே நாம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காருகிற நேரம் அங்கே காலைப் பலகாரம். அவர் போனைச் செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிடுவார், மதினி இங்கே சாப்பிடுவார்கள். தறிச் சத்தத்தில் அவருக்குக் காது மந்தம். "கனீ, சாப்ட்டியா?" என்று கத்துவார். கீழ் வீட்டு வெள்ளைக்காரி ஒருநாள் மேலே வந்து என்ன சண்டை என்று கேட்டுவிட்டுப் போனாள். சிரிப்பாக வரும் எனக்கு. ஐம்பது வயதில் என்ன கொஞ்சல் என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, டென்னசிக்கு வருகிறேன். நாஷ்வில்லில் ஹாட் சிக்கன் என்று ஒன்று உண்டு. காரம் மீடியம் சொல்லுங்கள், போதும். அதற்கு மேலே போனால் மறுநாள் மலை ஏற மாட்டீர்கள். மதினி ஒரு கடி கடித்துவிட்டு, "ஏ ராணி, இவன் நம்ம ஊர்ல பொண்ணு எடுத்திருக்கான்டி" என்றார்கள். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் அக்கா. வண்டியில் ஏறி, மதினி பின் சீட்டில் கவினுக்குப் பால்புட்டியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அப்போதுதான் எங்கள் வீட்டுக்காரருக்குப் போன் வருகிறது. வெளியே நின்று பேசினார். பேசிக்கொண்டே வண்டி மேல் சாய்ந்துவிட்டார். நான் இறங்கிப் போனேன்.

சுடலைமணி அண்ணன் போய்விட்டாராம். ராத்திரி நெஞ்சு வலிக்கிறது என்றிருக்கிறார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. பேசியது அவருடைய தம்பி, மதினிக்குக் கொழுந்தன், முப்பிடாதி. "ஐஸ் பெட்டி சொல்லியாச்சு. எத்தன நாளானாலும் வச்சிருக்கோம். அண்ணி வந்து மொகத்தப் பாக்கட்டும்" என்றிருக்கிறான்.

எங்கள் வீட்டுக்காரர் சின்னப் பிள்ளை மாதிரி நிற்கிறார். "அக்காட்ட எப்படிச் சொல்ல, எப்படிச் சொல்ல" என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் ஒருத்தராவது நிதானமாக யோசிக்க வேண்டாமா? நான் யோசித்தேன். இப்போதே திரும்பினாலும் மதினி ஊர் போய்ச் சேர இரண்டு நாள். போய் என்ன செய்யப் போகிறார்கள்? ஐஸில் கிடந்த முகத்தைப் பார்த்து அழப்போகிறார்கள். அதோடு பூவையும் பொட்டையும் எடுத்து மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். இதெல்லாம் எங்கே ஓடிப் போகிறது? அதுவுமில்லாமல், தூரத்தில் நடந்த சாவுக்குச் சேதி காதில் விழுந்ததிலிருந்துதான் தீட்டு. பம்பாயில் இருக்கிறவர்களுக்கெல்லாம் எங்கள் ஊரில் அப்படித்தான் கணக்கு. காதில் விழாதவரைக்கும் மதினி சுமங்கலிதானே. எங்களுக்கோ பங்காளித் தீட்டு கிடையாது, கொண்டான் கொடுத்தான் உறவு, ஒரு தலைமுழுக்கோடு சரி. மலையில் கேபின் புக் பண்ணியாச்சு, வருடத்துக்கு ஒரு தடவை அவருக்குக் கிடைக்கிற லீவு. நான் சொன்னேன், "இன்னும் ரெண்டு நாள் அவங்க பூவும் பொட்டுமா சந்தோஷமா இருக்கட்டுமே, நாம அதுக்குக்கூட விடக்கூடாதா?" அவருக்கு அழுகை வந்துவிட்டது. நியாயம் பட்டதனால்தான் வந்தது.

ஓட்டலுக்குப் போனதும் நானும் அவரும் ஆளுக்கொரு தலைமுழுக்குப் போட்டுவிட்டோம். அந்த ஓட்டலில் வென்னீர் ஜம்மென்று வருகிறது அக்கா, பேரை எழுதித் தருகிறேன். மதினி பார்த்துவிட்டு, "என்னடே, ரெண்டு பேரும் அமாவாசக் குளிப்பு குளிச்சிருக்கீக?" என்றார்கள். சிக்கன் வாடை என்றேன். தம்பி முகத்தைப் பார்த்து, "கண்ணு ஏன் இப்படிச் செவந்து கெடக்கு?" என்றார்கள். அதற்கும் சிக்கன் காரம் என்றேன். நல்லவேளை, அந்த ஊர் அப்படிப்பட்ட சாப்பாட்டு ஊர்.

போன்தான் பெரிய விஷயம். நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். பயணம் கிளம்பும்போதே அம்மா போனை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஊரிலிருந்து ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும், பயணம் கெட்டுப்போகும். நான் மதினி போனை வாங்கி ஃப்ளைட் மோடில் போட்டுக் கொடுத்தேன். "மலைப் பக்கம் டவர் கெடையாது மதினி" என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை. மலைக்குள்ளே நிஜமாகவே கிடையாது. அன்றைக்கு ராத்திரி ஓட்டலில் மட்டும் ஊருக்கு லைன் கிடைக்கவில்லை என்று சமாளித்தேன்.

சனிக்கிழமை மலை. ஸ்மோக்கி மலை என்றால் சும்மாவா, பேருக்கேற்ற மாதிரி அடுக்கடுக்காகப் புகை போட்டது போல இருக்கும். நம் குற்றாலத்துக்கு மேலே சாரல் நேரத்தில் நிற்கும் பாருங்கள், அந்த மாதிரி, ஆனால் கண் போகிற தூரத்துக்கு. கிளம்பும்போது மதினிக்கு நானே என் கையால் குங்குமம் வைத்துவிட்டேன். "என்ன ராணி இன்னைக்கு ரொம்பத்தான் கவனிக்க" என்றார்கள். "நல்லாப் பெரிசா இருக்கட்டும் மதினி" என்றேன். அந்த இடத்தில் எனக்கே கண் கலங்கிவிட்டது. இந்த மனசு யாருக்கு வரும் சொல்லுங்கள்.

ஆனால் மதினி மலையை எங்கே பார்த்தார்கள்! எல்லோரும் போனைத் தூக்கிப் போட்டோ எடுக்கிறார்கள், இவர்கள் போனைத் தூக்கி டவர் தேடுகிறார்கள். கம்பி மேல் சாய்ந்து, எட்டி, பள்ளத்துப் பக்கம் நீட்டி. "ஒரு கோடு விழுந்துச்சுன்னா போதும், மாத்திர போட்டாரான்னு ஒரு வார்த்த கேட்டுருவேன். நான் சொல்லாட்டி போட மாட்டாரு" என்கிறார்கள். ஒரு அமெரிக்காக்காரப் பெண், பாவம், இவர்கள் செல்ஃபி எடுக்கத் தெரியாமல் தவிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்து எடுத்துக் கொடுத்தாள். நல்ல போட்டோ. மலை, புகை, மதினி, நெற்றியில் அவ்வளவு பெரிய பொட்டு. பிரேம் போடக் கொடுத்திருக்கிறேன்.

மத்தியானம் மலையை விட்டு இறங்கி, மதினி கவினுக்குத் துணி மாற்றப் போயிருந்தபோது முப்பிடாதி திரும்பக் கூப்பிட்டான். எங்கள் வீட்டுக்காரர் எடுக்கப் பயந்தார். நான் எடுத்தேன். "டிக்கெட் கெடைக்கல அண்ணே, வாரக் கடைசி, எல்லாம் ஃபுல்லு. எடுத்துருங்க" என்றேன். "அண்ணிட்ட குடு தாயி, ரெண்டு வார்த்த ஆறுதல் சொல்லிக்கிடுதேன்" என்றான். "அவங்க அழுது மயங்கிக் கெடக்காங்க, பேச முடியாது" என்றேன். "வீடியோவுலயாவது அண்ணன் மொகத்தக் காட்டுதோம்" என்றான். "இங்க டவர் சரியில்லண்ணே" என்றேன். அவன் அந்தப் பக்கம் விம்மி விம்மி அழுகிறான். "நாளைக் காலையில எடுக்கோம்னு அண்ணிட்ட சொல்லிரு" என்றான். நல்ல மனுஷன்தான். யாரையும் குறை சொல்லக்கூடாது.

அன்றைக்குச் சாயங்காலம்தான் பாட்டு. மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். விறகுப் புகையில் நாள் முழுக்க வேகவைத்த விலா எலும்புக் கறி, தொட்டால் கழன்று வருகிறது. அம்மா கறி சாப்பிடுவார்களா? அப்படியென்றால் விட்டுவிடாதீர்கள். மதினி நன்றாகச் சாப்பிட்டார்கள். தம்பி சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அவனுக்கும் ஊட்டப் போனார்கள். நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். வாங்கிக்கொண்டார். முழுங்கத்தான் நேரமாயிற்று.

எதிரே மரப்பலகை மேடை. பிடிலும் பேஞ்சோவும் வைத்துக்கொண்டு நான்கு பேர் வாசிக்கிறார்கள். பாட்டா அது! உட்கார்ந்திருக்கிறவன் கால் தானாக ஆடும். சனங்கள் எல்லாம் மேடைக்குப் போய்ப் பலகை அதிர மிதித்து ஆடுகிறார்கள். கால்சட்டைக்குத் தோளில் வார் போட்ட வெள்ளைக்காரப் பெரியவர் ஒருத்தர் மதினி முன்னால் வந்து குனிந்து கை நீட்டினார். "ஆத்தாடி, எனக்கென்ன தெரியும்" என்று மதினி என் பின்னால் ஒளிகிறார்கள். நான்தான் பிள்ளையை வாங்கிக்கொண்டு தள்ளிவிட்டேன். போனார்கள். முதலில் சும்மா நின்றார்கள். பிறகு பார்த்தால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கும்மி! முளைப்பாரிக்குக் கும்மியடித்த கை இல்லையா, பிடிலுக்கு அப்படியே பொருந்திவிட்டது. வாசிக்கிறவன் இவர்கள் கைக்கு ஏற்ற மாதிரி வேகத்தைக் கூட்டுகிறான். மொத்த ஊரும் கைதட்டுகிறது. நான் வீடியோ எடுத்தேன். கடைசியில் மூச்சு வாங்க என் போனைப் பார்த்து, "எப்படி!" என்று இரண்டு கையையும் விரித்துச் சிரித்தார்கள். மதினி அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

இறங்கி வந்ததும் என்ன சொல்கிறார்கள்? "ஏ ராணி, இத அவருக்கு அனுப்பு. நேர்ல சொன்னா நம்ப மாட்டாரு." நான் டவர் இல்லை என்றேன். "ஒம் போன்ல ரெண்டு கோடு இருக்கே?" என்று எட்டிப் பார்க்கிறார்கள். என் போன் வேறு கம்பெனி என்றேன். "அப்ப அதுலயிருந்தே கூப்பிடேன்." அங்கே விடியக்காலம், தூங்குவார் என்றேன். "சரி, கூப்பிட வேண்டாம். அனுப்பி வை. எந்திரிச்சதும் பாத்துட்டுச் சிரிக்கட்டும்." பக்கத்திலேயே நிற்கிறார்கள், கண்ணை எடுக்கவில்லை. அனுப்பாவிட்டால் சந்தேகம் வரும். இறந்தவர் போனை யார் பார்க்கப் போகிறார்கள், சார்ஜ் போட்டுக்கூட வைத்திருக்க மாட்டார்கள் என்று நினைத்து அனுப்பிவிட்டேன். அவ்வளவுதான் அக்கா நான் செய்தது. அவர்கள் கேட்டார்கள், நான் அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் வீடியோவுக்குக் கீழே, பார்த்தாயிற்று என்று நீலக் கோடு விழுந்தது.

மதினிக்கு ஒரே குதூகலம். "பாத்துட்டாரு! முழிச்சிட்டாரு! இப்பக் கூப்பிடு, இப்பக் கூப்பிடு!" நான் போனை அணைத்துவிட்டு டவர் போய்விட்டது என்றேன். "போகுது போ, பாத்துட்டாருல்லா" என்று கவினைத் தூக்கி முத்தம் கொடுத்தார்கள்.

பிறகுதான் தெரிந்தது. அண்ணன் போன் முப்பிடாதி கையில் இருந்திருக்கிறது. அதிலுள்ள நம்பருக்கெல்லாம் சாவுச் சேதி சொல்லிக்கொண்டு, விடிய விடியப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறான். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து வீடியோவைத் திறந்திருக்கிறான். போன் பந்தல் முழுக்கக் கை மாறியிருக்கிறது. அழுது மயங்கிக் கிடக்கிறதாகச் சொன்ன பொண்டாட்டி, சேலையைச் செருகிக்கொண்டு வெள்ளைக்காரனோடு ஆடுகிறாள், அதையும் செத்த புருஷனுக்கே அனுப்பி "எப்படி" என்று கேட்கிறாள். அவர்கள் கண்ணுக்கு அப்படித்தானே தெரியும்? முகத்தைக் காட்ட டவர் இல்லை, ஆட்டத்தை அனுப்ப டவர் இருக்கிறதா என்று முப்பிடாதி எங்கள் வீட்டுக்காரருக்குக் குரல் மெசேஜ் போட்டிருந்தான். அந்த ஒன்றுதான் கொஞ்சம் இடித்துவிட்டது. மற்றபடி நான் எல்லாம் யோசித்துத்தான் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பினோம். வழியில் இந்தியன் கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னால் உடனே கோடி போட வேண்டும் அல்லவா. புருஷன் போனால் பிறந்த வீட்டிலிருந்து தம்பிதான் அக்காளுக்குப் புதுச் சேலை போர்த்த வேண்டும். அந்த நேரத்தில் எங்கே போய்த் தேடுவது? மதினியையே உள்ளே கூட்டிப் போய், "எது நல்லா இருக்கு மதினி, சொல்லுங்க" என்றேன். எங்கள் பக்கம் வெள்ளைதான் என்று கிடையாது. ஊருக்குப் போகிறபோது தம்பி எடுத்துக் கொடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். பிரித்துப் பிரித்துப் பார்த்து, வெந்தய நிறத்தில் பச்சைக் கரை போட்டது ஒன்று எடுத்தார்கள். "இதக் கட்டிக்கிட்டுத்தான் சங்கரன்கோயில்ல எறங்கணும். அவருக்குப் பச்சக் கரைன்னா உசுரு." எங்கள் வீட்டுக்காரர் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டார். எல்லாவற்றையும் நான் ஒருத்தியே பார்க்க வேண்டியிருந்தது.

அன்றைக்கும் சொல்லவில்லை. பயணக் களைப்பில் சொல்லக்கூடாது. மதினி போனைச் சார்ஜ் போடுகிறேன் என்று வாங்கி என் அலமாரியில் வைத்துவிட்டேன். ரசம் வைத்தார்கள், சாப்பிட்டார்கள், கவினைக் குளிப்பாட்டினார்கள், தூங்கவிட்டேன். மறுநாள் காலையில் தோசை சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னேன். வெறும் வயிற்றில் சொல்லலாமா?

நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவார்கள், கீழ் வீட்டுக்காரி போலீசைக் கூப்பிட்டுவிடுவாள் என்று ஜன்னலையெல்லாம் சாத்தி வைத்திருந்தேன். அழவே இல்லை அக்கா.

"எடுத்தாச்சா?" என்றார்கள்.

"ஆச்சு மதினி."

"யாரு கொள்ளி வச்சா?"

"உங்க கொழுந்தன் மகன்."

தோசைத் தட்டை எடுத்துக் கழுவி வைத்தார்கள். பிறகு, "நீலக் கோடு விழுந்துச்சே ராணி. அப்ப அதப் பாத்தது யாரு?" என்றார்கள்.

சொல்லித்தானே ஆக வேண்டும், சொன்னேன். அதற்கும் அழவில்லை. எங்கள் வீட்டுக்காரர்தான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். கோடி போடச் சொன்னால் சேலையைக் கீழே போட்டுவிடுகிறார். நான் அவர் கையைப் பிடித்துப் போர்த்தவைத்தேன். மதினி தோளில் விழுந்த சேலையைக் குனிந்து பார்த்தார்கள். "இதையாடே?" என்று தம்பியிடம் கேட்டார்கள். பச்சைக் கரையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்கள். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது.

முப்பிடாதி, கருமாதிக்கும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். "ஆடிக்கிட்டு அங்கயே கெடக்கட்டும். அண்ணன் வீட்டுப் படிய அவ மிதிக்கக் கூடாது." மதினி போன் போட்டால் எடுக்கிறதில்லை. ஒரு தடவை அவன் பொண்டாட்டி எடுத்தாளாம். எனக்குத் தெரியாதும்மா, என்னிடம் யாரும் சொல்லவில்லை என்று மதினி சொல்லியிருக்கிறார்கள். "இப்ப இப்படிச் சொல்லச் சொல்லிக் குடுத்தாகளாக்கும்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாளாம். அதிலிருந்து மதினி தினமும் தம்பியைக் கேட்கிறார்கள், "ஒரே ஒரு வார்த்த சொல்லுடே. அக்காவுக்குத் தெரியாதுன்னு சொல்லு. நான் எங்க வீட்டுக்குப் போணும்." அவர் என் முகத்தைப் பார்க்கிறார். நான் என்ன செய்வேன்? இப்போது போய் உண்மையைச் சொன்னால் நாங்கள் பொய் சொன்னதாக ஆகிவிடாதா? என் தங்கச்சிக்கு அந்த ஊரில்தான் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருக்கிறது. ஒரு குடும்பத்தில் ஒருத்தருக்குக் கெட்ட பேர் வந்துவிட்டது, சரி. அதை இன்னொருத்தருக்கும் இழுத்துவிடுவதா?

அதோடு, மதினி அங்கே போய்த்தான் யாரைப் பார்க்கப் போகிறார்கள்? விசாவை இன்னும் ஆறு மாதம் நீட்டிக்க எழுதிப் போட்டிருக்கிறோம். கவினுக்கும் ஆள் ஆயிற்று. முன்னைவிட நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள், பேச்சு சிரிப்பு இல்லாததால் வேலையும் சுருக்காக முடிகிறது. சில விஷயம் நடக்கிறபோது கஷ்டமாக இருந்தாலும் பின்னால் பார்த்தால் எல்லாம் நல்லதுக்குத்தான் என்று தெரியும். நீங்கள் அக்டோபரில் போங்கள் அக்கா, இலையெல்லாம் சிவந்து கிடக்கும். கேபின் பேர் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

அடடே, மதினியே டீ கொண்டுவந்துவிட்டார்கள். குடியுங்கள். எப்போதிலிருந்து கதவுப் பக்கம் நிற்கிறீர்கள் மதினி? கவின் தூங்கிவிட்டானா? என்ன மதினி, அக்காவுக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறீர்கள்? மெதுவாக என்ன சொல்கிறீர்கள், சத்தமாகத்தான் சொல்லுங்களேன், நான் என்ன அந்நியமா?

"அம்மா, இவ இம்புட்டு நேரம் சொன்னத நீங்க கேட்டீகள்லா? எங்க கொழுந்தன் நம்பரு எனக்கு மனப்பாடம். நான் கூப்பிட்டா எடுக்க மாட்டான். உங்க போன்லயிருந்து கூப்பிட்டு, கேட்டதக் கேட்டபடியே அவன்ட்ட ஒரு தடவ சொல்லிருங்க தாயி."